பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு மிஸ்ட் கோல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வந்த முதல் சம்பந்தத்தைக் குழப்பியது நான்தான். அதற்காக இன்றுவரை ஒரு துளிக் கவலையும் இல்லை. (கவலைப்படும் பொறுப்பை அம்மா மொத்தமாக எடுத்துக்கொண்டார்.)

அப்போது எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. வன்னிப் பக்கக் கிராமத்துப் பெண்களுக்குக் குடும்பத்திட்டம் பற்றிக் குறுஞ்செய்தி அனுப்புவோம். எழுதுவது நான். கைக்குழந்தையை ஒழுங்காகத் தூக்கவும் தெரியாத நான், "அடுத்த பிள்ளைக்கு அவசரம் வேண்டாம்" என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களின் ஃபோனில் காசு இருக்காதே என்று, "சந்தேகமா? மிஸ்ட் கோல் தாருங்கள், நாங்கள் திருப்பி எடுக்கிறோம்" என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன். லீவு நாளில் அலுவலக ஃபோனை யார் தூக்குவது? பெரிய தியாகிபோல என் சொந்த நம்பரையே போட்டு, செய்தி ஞாயிறு காலையில் போகும்படி ஏற்பாடும் செய்துவிட்டேன்.

அதே ஞாயிறு காலையைத்தான் சாத்திரியார் பெண் பார்க்க நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்தார்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டுக்கு மாப்பிள்ளை வந்தார், அவருடைய தாயார் வந்தார், மடியில் கைக்குழந்தையோடு மூத்த மருமகள் வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் எங்கள் ஒழுங்கையைத் தவறவிட்டுக் காலி வீதியில் சுற்றிக்கொண்டிருந்தார். வழி கேட்பதற்கு என் நம்பரைத்தான் அவர்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். கலியாணப் 'பொம்பிளை' ஃபோனோடு வந்து நிற்கக்கூடாது என்று அம்மா அதைப் பறித்து வைத்திருந்தார்.

ஃபோன் ஒருதரம் அடித்து நின்றது.

"மாமாவாத்தான் இருக்கும், பாவம்," என்று அம்மா அந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தார். ஸ்பீக்கரில். (ஃபோனைக் காதில் வைத்தால் மூளைக்கு ஆகாது என்று யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள்.)

"மிஸ், மெசேஜ் வந்தது," என்றது ஒரு பெண் குரல். "ஊசி போட்டா இனிப் பிள்ளையே தங்காது எண்டு மாமி சொல்லுறா. உண்மையோ?"

அம்மா பதறிப்போய் லைனை வெட்டுகிற பொத்தானைத் தேடி, சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"வச்சிடாதேங்கோ மிஸ்! இது இவற்ற ஃபோன். இவர் கிணத்தடியில குளிக்கிறார், வந்தா வாங்கிப்போடுவார். எனக்கு ரெண்டும் கைப்பிள்ளையள். இன்னொண்டுக்கு உடம்பில சக்தியில்லை மிஸ்."

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். உள்ளே போ என்று அம்மா கண்ணால் கெஞ்சினார். அதுவரை சேலை மடிப்புக் குலைந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தட்டை மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு அம்மாவிடமிருந்து ஃபோனை வாங்கினேன். ஸ்பீக்கரை நிறுத்தத் தோன்றவில்லை.

"தங்கச்சி, அது பொய். ஊசியை நிப்பாட்டினாப் பிள்ளை தங்கும். சிலபேருக்குக் கொஞ்ச மாசம் பிந்தும், அவ்வளவுதான். விழுங்கிற குளிசையும் இருக்கு, கருப்பையில வைக்கிற லூப்பும் இருக்கு. கிளினிக்குக்குப் போய் மிட்வைஃபோட கதையுங்கோ. உங்களுக்கு எது சரியெண்டு அவ பார்த்துச் சொல்லுவா."

"சரி மிஸ், வாறார்," என்றதோடு லைன் வெட்டுப்பட்டது. மாப்பிள்ளை தட்டை ஏந்தியபடி விறைத்துப்போய் இருந்தார்.

"பிள்ளைக்கு ஓபிஸ் வேலை எண்டெல்லோ சொன்னியள்?" என்றார் அவருடைய தாயார். "இதுவோ வேலை?"

"ஓம் அன்ரி, இதுதான்."

"கலியாணத்துக்குப் பிறகு விடவேணும்."

"விடமாட்டன் அன்ரி."

வடையைத் தொடாமலே எழும்பினார்கள். அப்போதுதான் மூச்சு வாங்கப் படியேறி வந்த தாய்மாமனையும் அப்படியே திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தக் கிழமை முழுக்க அம்மா என்னோடு கதைக்கவில்லை.

இப்போதும் எந்த விசேஷ வீட்டிலாவது என் ஃபோன் அடித்தால், "ஸ்பீக்கரில போடு பிள்ளை, எல்லாருக்கும் பிரயோசனப்படும்!" என்று சித்தப்பா கத்துவார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய்த்தான் கதைப்பேன். அந்தப் பெண் பார்ப்புக்கு அடுத்த ஞாயிறு வந்த மிஸ்ட் கோலோடு தொடங்கிய பழக்கம் அது. அன்று எங்கள் வீட்டில் வாயே திறக்காமல் இருந்த மூத்த மருமகள்தான் பேசினார். பின்னால் கைக்குழந்தை சிணுங்கியது.

"அக்கா, அண்டைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. கெதியா. மாமி கோயிலுக்குப் போட்டா."