சேவல் கோயில்பிள்ளையின் தலையாரி

திருநெல்வேலிச் சீமையில் அரசாங்கத்தையே கூடையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் சேவல் கோயில்பிள்ளைதான். அவர் வீட்டுக் கொல்லையில் கலெக்டர் குப்பையைக் கிளறுவார். தாசில்தார் முருங்கை மரத்தில் ஏறித் தூங்குவார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் கர்ணமும் ஒரு மண்புழுவுக்காக ரத்தம் வரச் சண்டை போடுவார்கள். தலையாரிக்கு ஒரு கண் கிடையாது. ஐந்து பேரும் சேவல்கள். இந்த அரசாங்கத்துக்குக் குடிகள் இரண்டே பெட்டைகள். இரண்டுக்கும் முதுகில் ஓர் இறகு கிடையாது. குடிகளின் நிலை எங்கும் அப்படித்தானே.

கோயில்பிள்ளை என்பது பெயரல்ல, உத்தியோகம். கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிப்பவரை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. நான் சொல்லும் காலம் ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால். பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார்.

அவருக்குச் சேவல்கள் சேர்ந்தது கோயிலால்தான். நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் காணிக்கையாக உயிர்க்கோழி கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். கொழுத்த பெட்டை என்றால் நான் நீ என்று கேட்பார்கள். நொண்டியோ, கிழடோ, ஒற்றைக் கண்ணோ என்றால் எல்லோருக்கும் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்துவிடும். மிஞ்சியது கோயில்பிள்ளைக்கு. அவர் அவற்றைக் குழம்பு வைத்துத் தின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை.

"ஏலத்தில எடுத்தவன் காசு குடுத்துட்டான், அறுக்கலாம். எனக்கு ஆண்டவரு சும்மால்லா குடுத்திருக்காரு? அவரு சொத்துல நான் கத்திய வைக்கலாமா வே?" என்பார்.

அதிகாலை ஜெபத்துக்கு மணியடிப்பதும் இந்த அரசாங்கத்தின் உத்தரவுப்படிதான். முதலில் தலையாரி கூவுவான். அதற்கெல்லாம் அவர் எழுந்திருக்க மாட்டார். தலையாரி சொல்லை மட்டும் நம்பி எந்த ஆபீசில் காரியம் நடக்கிறது? அது கர்ணம், இன்ஸ்பெக்டர் என்று மேலே போய், தாசில்தார் கூவியதும்தான் கயிற்றைப் பிடிப்பார். கலெக்டர் கூவும்போது ஜெபம் பாதி முடிந்திருக்கும்.

இதை நான் கேலி செய்யாத நாளில்லை. தெருவிலேயே சங்கிலி போட்ட கடிகாரம் என்னிடம்தான் இருந்தது, மாமனார் போட்டது. நேரம் தெரியணும்னா என்னைக் கேளும் அண்ணாச்சி என்று சட்டைப்பையைத் தட்டிக்காட்டுவேன். அது நாளொன்றுக்குக் கால் மணி பின்தங்கும் என்பதையும், தினமும் அவர் மணியைக் கேட்டுத்தான் அதைத் திருத்துகிறேன் என்பதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் அடிக்கும் இன்னொரு மணி, சாவு மணி. போனவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி, விட்டு விட்டு. அந்த வருஷம் ஆறு வற்றியதும் வாந்திபேதி வந்தது. பெண்கள் அகப்பையும் கையுமாக நின்று அடிகளை எண்ணுவார்கள். அறுபதைத் தாண்டினால் மூச்சு விட்டுக் குழம்பைக் கிண்டுவார்கள். முப்பதில் நின்றால் அடுப்பு தானாக அணையும். ஐந்துக்குள் நின்றுவிட்டால் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் சொர்ணத்துக்கு நாலு. எங்களுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். மூன்றாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் நடுவே ரொம்ப நேரம் ஆயிற்று.

அன்று பொழுது சாயும்போது தலையாரி கூவியிருந்தான். ஒற்றைக் கண்ணனுக்கு மேகம் மறைத்தால் கூட விடியலும் அந்தியும் குழம்பிவிடும், அது தெருவுக்கே தெரியும். சொர்ணம் வேலி இடுக்கில் சோறு போட்டு வளர்த்த சேவல் அது, அதுவும் தெரியும். ஆனாலும் சேவல் வேளை கெட்டுக் கூவினால் சாவு விழும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஆகவே சபைக் கமிட்டிக்கு மனு எழுதியபோது சகுனம் என்ற வார்த்தையைச் சேர்க்கவில்லை. சுகாதாரம் என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தெருவே கீழே கையெழுத்துப் போட்டது.

கமிட்டி தீர்ப்புச் சொன்னது. ஒரு சேவல் இருக்கலாம். நாலு சேவல் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவை விட்டுப் போகவேண்டும். எது இருப்பது, எது போவது என்பது கோயில்பிள்ளையின் இஷ்டம்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடிப் புறப்பட்டார். முதலில் கலெக்டர், சீவலப்பேரியில் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டுக்கு. வளர்க்கத்தான் என்று அவர்கள் சத்தியம் பண்ணினார்களாம். இவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். அம்மியில் மசாலா அரைத்துத் தயாராக இருந்தது. கலெக்டர் திரும்பி வந்தார். அடுத்து கர்ணத்தை அக்கரையில் ஒருவர் அன்பாகத் தடவிக்கொடுத்து வாங்கினார். தடவிய கை காலுக்குப் போய், கத்தி கட்ட வாகாக இருக்கிறதா என்று பார்த்தது. சேவற்கட்டுக்காரர். கர்ணமும் திரும்பினார். மூன்றாவது ஊரில் இன்ஸ்பெக்டருக்கு மஞ்சள் நீர் தெளித்து மாலையே போட்டுவிட்டார்கள். வாந்திபேதி விலக அம்மனுக்கு நேர்ச்சை. "மாலையப் பாத்ததும் எனக்குத் திக்குன்னுட்டுது" என்று திரும்பி வந்தவர், தாசில்தாரைக் கொண்டுபோகவே இல்லை.

வெள்ளிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தலையாரி அவர் காலடியில் மேய்ந்துகொண்டிருந்தான்.

"வாத்தியாரே, மனுவில அஞ்சு பேரையும் எழுதியிருக்கீரு. உமக்கு ஆகாதவன் இவன் ஒருத்தன்தான?"

நான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன்.

"இவன் கூவியா பிள்ளை போச்சு? சாவுக்கு மணியடிக்கவன் நான்லா. என்னையக் கொண்டு எங்கயாவது விட்டுட்டு வாரும்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பதில் சொல்லத் தெரியாதபோது கதவைச் சாத்துவது வாத்தியார்களின் வழக்கம்.

மறுநாள் என் மனைவி ஞானம் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. கமிட்டியிலேயே இரண்டு பேர் படுக்கையில். சேவல்களை எண்ண ஆளில்லை. ஐந்தாம் நாள் ஞானத்துக்கு வாந்தி நின்றது, ஆனால் எதுவும் உள்ளே இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் திரும்பவே இல்லை. கம்பவுண்டர் நாடி பிடித்துவிட்டு, இளஞ்சேவல் சாறு நாலு வாய் இறங்கினால் பிழைப்பாள் என்றார். இல்லையென்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சேவலுக்கு எங்கே போவது? சந்தை கூடவில்லை. அக்கம்பக்கத்துச் சேவலெல்லாம் அம்மனுக்குப் போய்விட்டன. சுற்றுவட்டாரத்தில் மிச்சம் வேலிக்கு அப்பால் இருந்த அரசாங்கம் மட்டும்தான். மூன்று தரம் வேலிவரை போனேன். சேவலால் சுகாதாரம் கெடுகிறது என்று முத்து முத்தாக எழுதிய ஆள், ஒரு சேவல் தாரும் என்று எந்த வாயால் கேட்பது? மூன்று தரமும் முள்ளை நிமிர்த்துவதுபோல் பாவனை செய்துவிட்டுத் திரும்பினேன்.

மத்தியானம் கோயில்பிள்ளை வாசலில் வந்து நின்றார். கையில் வாழையிலை மூடிய மண்சட்டி. இடது பெருவிரலில் துணிக்கட்டு, அதில் ரத்தம் ஊறியிருந்தது. ஆயுளில் முதல் தரம் கத்தி எடுத்தவர், சேவலோடு தன் விரலையும் அறுத்துக்கொண்டிருக்கிறார்.

"தலையாரிதான். அஞ்சுல அவன்தான் எளசு" என்றார்.

நான் சட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, பையச் சொன்னார். "பிள்ளை கையால சோறு தின்னவன். அவளப் பெத்த அம்மைக்குப் போறதுல ஆண்டவருக்கு வருத்தம் இருக்காது. இருந்தா நான் பேசிக்கிடுதேன்."

சாவு வீட்டில் கூட வேடிக்கை பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். அன்று எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "உப்புப் போட்டீரா அண்ணாச்சி?"

"போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாய் வெளியே வந்தது. இரண்டாவது நின்றது. சாயங்காலத்துக்குள் பாதிச் சட்டி இறங்கியது. என்ன சேவல் என்று ஞானம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தலையாரியின் குரல் இல்லாதபோது அவளே தெரிந்துகொண்டாள்.

மறுநாள் மணியும் அடிக்கவில்லை. தலையாரி வாய் திறக்காமல் கர்ணம் திறப்பானா? கீழிருந்து தகவல் வராமல் தாசில்தார் எப்படி உத்தரவிடுவார்? வெயில் சுள்ளென்று அடித்த பிறகே கோயில்பிள்ளை அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார். மூன்று நாள் இதே கதை. அவர் வெட்கத்தை விட்டு என்னிடம் நேரம் கேட்டார். மூன்று நாளாகத் திருத்தாத கடிகாரத்தை எடுத்து நான் கம்பீரமாக ஒரு நேரம் சொன்னேன். அதை நம்பிக் கெட்டதும் அவர்தான்.

நாலாம் நாள் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியபோது வேலியோரம் போனேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கூவினேன். கன்றை இழந்த எருமை போல ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கர்ணம் பதில் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் கொடுத்தார். கடைசியில் முருங்கை மரத்திலிருந்து தாசில்தார். கோயில் மணி அடித்தது.

வீட்டுக்குள்ளே ஞானம் சிரித்தாள். சொர்ணம் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அதன்பின் தினமும் அது என் வேலையாயிற்று. மிச்சமிருந்த நாலில் மூன்றைப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதிர்மனு எழுத நான் தயாராக இருந்தேன். கோயில்பிள்ளை வெகுநாள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒருநாள் வேலிக்கு அப்பால் பெட்டைகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "புதுத் தலையாரிக்குக் குரல் போதாது. ஆனா நேரந் தப்பாமக் கூவுதான்."

சண்டை முடிகிற சமயத்தில் அவரும் போனார். வயது யாருக்கும் தெரியாததால் எத்தனை அடி அடிப்பது என்று கமிட்டி குழம்பி, அறுபது என்று முடிவு செய்தது. புதுக் கோயில்பிள்ளை வந்தார், சுவர்க்கடிகாரத்தோடு.

மறுநாள் கருக்கலில் எனக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. வேலியோரம் போய் நின்று ஒரு தரம் கூவினேன். அப்பால் கொல்லை வெறுமையாகக் கிடந்தது, பதில் கொடுக்க எந்த அதிகாரியும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஞானம் வந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.