மடைக்கு மூணு பூட்டு

கண்மாய் மடையைத் திறப்பதும் மூடுவதும் இனி மின்னுத்தரவின் பேரில் மட்டுமே நடைபெறும் என்று மின்மடைப் பிரிவு அறிவித்தது. கடல் எல்லை மாவட்டம் ஆதலால், உத்தரவு எதிரி கண்ணில் படாதிருக்க, விபிஎன் என்னும் மறைவான இணைய வழியே மூன்று சங்கேதப் பூட்டுப் போட்டு அனுப்பப்படும். மடை பார்க்கும் இருளாண்டியிடம் உள்ள டேப் என்கிற கைக்கணினி அதைத் திறந்து காட்டும்.

டேப்போ பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்டது. முதல் பூட்டிலேயே அதற்கு மூச்சு வாங்கியது, இரண்டாவதில் தோசைக்கல்லாகச் சுட்டது, மூன்றாவதில் அணைந்துபோனது.

அந்த மடைத் தண்ணீரை நம்பியிருந்த விவசாயி மாரிச்செல்வத்தின் நெல் பால் பிடிக்கிற நேரம். கண்மாய் ததும்ப, வயல் வெடித்துக் கிடந்தால் மனுசனுக்கு வயிறு எரியாதா? மடையடிக் கொட்டகையில் உட்கார்ந்து, டேப்புக்கு ஈரத்துண்டு போர்த்தி, பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அப்படி விசிறியதில்லை.

இருளாண்டியின் போன் அடித்தது. மின்மடைப் பிரிவுப் பொறியாளர் ராமசுப்பிரமணியன் பஸ்ஸிலிருந்து கத்தினார்.

"யோவ், மடையைத் திறக்கச் சொல்லி ரகசிய உத்தரவு அனுப்பியிருக்கேன். வந்துச்சா?"

"வரலை சார். அதான் நீங்களே சொல்லிட்டீகளே, திறந்துறவா?"

"போன்ல சொன்னா ரகசியம் என்னாகுறது? டேப் சொல்லணும்யா!"

'திறந்தாத்தான் என்ன சார்?' என்று பஸ்ஸில் யாரோ கேட்டது கொட்டகை வரை கேட்டது.

மாரிச்செல்வம் போனைப் பிடுங்கினார். "சார், ஒத்தப் பூட்டாப் போடுங்க. இந்த டேப்பு அம்புட்டுத்தான் தாங்கும்."

"எதிரி பார்த்துட்டா?"

"பார்த்து, அவனே வந்து திறந்துவிட்டாலும் சந்தோசந்தான் சார்!"

எதிரி திறந்துவிட்டால் நல்ல பெயர் அவனுக்கல்லவா போய்விடும் என்று பிரிவு பதறியது. மறுநாளே 'பாதுகாப்பு-வேகச் சமநிலைக் கொள்கை' பிறந்தது: இனி ஒரே பூட்டு. உத்தரவு நொடியில் வந்தது, தண்ணீர் பாய்ந்தது. வரப்பில் நின்ற மாரிச்செல்வத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று சாயங்காலமே இளநீரோடு பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனார்.

"சார், மூடச் சொல்லியும் உத்தரவு வருமா?"

"நாளைக்குக் காலைல வரும். அதை மூடினாத்தான உங்க சம்பந்தி ஊருக்குத் தண்ணி போகும்? கீழ்மடையில அவுக பயிரும் காயுதாம்."

மாரிச்செல்வம் குரலைத் தாழ்த்தினார். "அதுதான சார் பெரிய ரகசியம்? அதுக்கு மட்டும் பழைய மூணு பூட்டையே போட்டுருங்க. நாட்டுப் பாதுகாப்புல நாம அசட்டையா இருக்கலாமா?"

ராமசுப்பிரமணியன் கண்கலங்கிவிட்டார். இப்படியொரு பொறுப்புள்ள குடிமகனை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதேயில்லை.

காலையில் உத்தரவு கிளம்பியதும் மாரிச்செல்வம் கொட்டகைக்குப் போனார். ஈரத்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு டேப்பை நல்ல வெயிலாகப் பார்த்து வைத்தார்.