நான் எழுதிக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். முடிவெட்டிக்கொண்ட அனுபவம் நிறைய இருப்பதால் சலூன் வைக்கலாம் என்று நினைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது எனக்கு அப்போது தோன்றவில்லை. (எனக்கு எதுவுமே அப்போது தோன்றாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும்.)

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்த சமயம். வியட்நாமில், ஹனோய் நகரத்தில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தேன். வீடியோவில் பேசினார்கள். நான் பேசியதைக் கேட்டு மயங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். "வேலை உங்களுக்குத்தான். ஆனால் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும்" என்றார்கள். அடையாறில் ஒரு மாடியில் அந்தப் பயிற்சியை ஒரே மாதத்தில் நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு மாதம்தானே, சேர்ந்தேன்.

சேர்ந்ததோடு நிறுத்தியிருக்கலாம். மந்தைவெளிப் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் உடனே வழியனுப்பு விழா நடத்திவிட்டார்கள். பொன்னாடை, மைசூர்பாகு, சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று. ஒருவர் வியட்நாம் வரலாறு பற்றிப் பேசினார். ஏற்புரையில் நான் கண் கலங்கினேன். பயிற்சி அப்போது இன்னும் தொடங்கவே இல்லை.

"பெட்டியை வாங்கிட்டு வந்துட்டீங்க. இனிமே போகாம இருக்க முடியாது, தெரியுமில்ல?" என்றாள் வசந்தி. என் மனைவி. வங்கியில் கடன் பிரிவில் இருப்பதால் எதையும் திரும்பி வருமா என்ற கண்ணோடுதான் பார்ப்பாள்.

பயிற்சி எப்படியென்றால், காலையில் எங்களுக்குப் பாடம். மதியம் நாங்கள் நிஜ மாணவர்களுக்கு முக்கால் மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். இலவச வகுப்பு என்பதால் ஊரின் பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பின்வரிசையில் பயிற்சியாளர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். எங்கள் பயிற்சியாளர் நளினி மேடம், பல நாடுகளில் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியவர். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினால் தேவலை என்று இருக்கும்.

என் முதல் வகுப்பில் ஆங்கில மொழி எங்கிருந்து வந்தது என்பதைக் அடைமழை போலப் பொழிந்தேன். இடையில் ஷேக்ஹேண்ட் எப்படிக் கொடுப்பது என்றுகூடச் சொன்னேன். முடிந்ததும் நளினி மேடம், "இந்த வகுப்புல ஒருத்தர் நல்லா இங்கிலீஷ் பழகினார்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். "அது நீங்க மட்டும்தான்" என்றார். ஃபெயில்.

இரண்டாவது வகுப்பில் பேச்சைக் குறைக்கிறேன் என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மாணவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மின்விசிறி எங்கள் எல்லோரையும் பார்த்தது. அந்த அமைதி தாங்காமல் பதிலையும் நானே சொல்லிவிட்டேன். பிறகு எல்லாக் கேள்விக்கும் நானே. அதுவும் ஃபெயில்.

"அடுத்ததும் இப்படிப் போனா சர்டிஃபிகேட் கிடையாது" என்றார் மேடம். கூடவே அடுத்த பாடத்தின் நோக்கத்தையும் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தோம் என்பதை மாணவர்கள் தாங்களாகவே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டு மூலையில் அந்தப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குள் இருந்த பழைய பள்ளிக்கூடத்துப் பையன் விழித்துக்கொண்டான்.

என்னைப் போல இந்த ஊரில் படித்தவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மேலதிகாரி வரும் நாளுக்கு முன்பே வாத்தியார் எங்களைத் தயார் செய்துவிடுவார். எந்தக் கேள்வி, யார் பதில் சொல்வது, எந்த இடத்தில் சிரிப்பது என்று எல்லாம் ஒத்திகை. மகுடம் வைத்தாற்போல ஒரு ஏற்பாடு: கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைகளை மட்டும் கூப்பிடுவார். அதிகாரி அசந்துபோய்ப் போவார்.

அப்புறமென்ன, மாணவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தது பாபு. சிந்தாதிரிப்பேட்டையில் புத்தக பைண்டிங் கடை வைத்திருப்பவன். வந்ததும் ஹாலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்து, "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாறி கீது" என்றான். அடுத்து முருகேசன். தென்காசிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்பவர், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் பின்னாலேயே ஷமீம் அக்கா. திருவல்லிக்கேணியில் தலைமுறைகளாக இருக்கிற குடும்பம். மகள் கனடாவில் பிள்ளை பெறப் போகிறாள். அங்கே போய் டாக்டரிடம் பேச வேண்டுமே என்று ஆங்கிலம் படிக்க வந்தவர். இவர்களோடு இன்னும் நாலைந்து பேர்.

"இது பரீட்சையா சார்?" என்று ஷமீம் அக்கா கேட்டார்.

"இல்லக்கா. பரீட்சை எனக்கு. நீங்க எழுதணும்."

ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நானே தயாரித்து வைத்திருந்தேன். பாபு குடும்பத்தோடு பீச்சுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டான். முருகேசன் கிண்டி பூங்காவில் மான் பார்த்தார். ஷமீம் அக்கா எழும்பூர் மியூசியத்துக்குப் போனார்.

"சார், நான் மியூசியம் போனதே இல்ல. சண்டேன்னா எங்க வீட்ல பிரியாணி. நான் அடுப்பைவிட்டு நகர முடியாது" என்றார் அக்கா.

"அதை ஆங்கிலத்துல சொல்றது கஷ்டம்க்கா. மியூசியம் சுலபம்."

"எனக்கும் மான் வேண்டாம் சார்" என்றார் முருகேசன். "ஞாயித்துக்கிழமை கடையில மூச்சுவிட நேரம் கிடையாது. கல்யாணக் கூட்டம்லா. ஒரு சேலை எடுக்க ஒம்போது பேரு வருவாக."

"முருகேசன், மான் பாத்தீங்க. அவ்வளவுதான்."

"சரி, நீங்க சொல்லுதீய. பாத்துட்டேன்."

அந்தக் காலை முழுக்க மனப்பாடம். பிறகு வலது கை, இடது கை. பாபு இரண்டையும் தூக்கினான். "பாதி தெரியும் சார்" என்றான். நான் கத்தினேன். சமையலறையிலிருந்து வசந்தி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க டீச்சராகப் போறீங்களா, டிராஃபிக் போலீஸாகப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசிக் கேள்விக்குக் கடைசிப் பதில் வந்ததும் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் வந்தன. திரும்ப முதலிலிருந்து ஒத்திகை. மறுபடியும் கடைசிப் பதில், மறுபடியும் பஜ்ஜி. வசந்தி தட்டை வைத்த நேரம் அப்படி அமைந்துவிட்டது.

வகுப்பு நாள் வந்தது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் நுழைந்தேன். நளினி மேடம் பின்வரிசையில் பேனாவைத் திறந்தார். நான் கேள்வியைக் கேட்கத் தொண்டையைச் செருமினேன்.

"லாஸ்ட் சண்டே ஐ வென்ட் டு தி மியூசியம்" என்றார் ஷமீம் அக்கா. நான் இன்னும் கேட்கவே இல்லை.

"வெரி குட்" என்றேன். பாபு பீச்சுக்குப் போனான். முருகேசன் மானைப் பார்த்தார். இடையில் பொதுக் கேள்வி கேட்டபோதெல்லாம் அத்தனை கைகளும் வானத்தைத் தொட்டன. நான் வலது கைகளாகப் பொறுக்கி எடுத்தேன். எல்லாம் தேர் மாதிரி அழகாக நகர்ந்தது. இவ்வளவு நாளாக இது தெரியாமல் கஷ்டப்பட்டேனே என்று மனதுக்குள் விசில் அடித்தேன். ஹனோய் மக்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

கடைசிப் பதில் வந்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒத்திகையில் அத்தனை முறை திருத்தித் திருத்தி ஒரு காலைப்பொழுதே ஓடியது. திருத்த எதுவுமில்லாத பாடம் இவ்வளவு சின்னது என்று யாருக்குத் தெரியும். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வகுப்பும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முருகேசன் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு எழுந்து, "சார், நவ் பஜ்ஜி?" என்றார்.

பின்வரிசையில் பேனா நின்றது.

"ஒய் பஜ்ஜி?" என்று கேட்டார் நளினி மேடம். மென்மையாகத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன் ஆரம்பித்துவிட்டார். லாஸ்ட் சண்டே வீ ஆல் வென்ட் சார் ஹவுஸ். சார் ஒய்ஃப் மேட் பஜ்ஜி. ஆஃப்டர் லாஸ்ட் கொஸ்டின், பஜ்ஜி. ஆனியன் பஜ்ஜி.

"நோ நோ" என்று குறுக்கே வந்தார் ஷமீம் அக்கா. "நாட் ஆனியன். வாழைக்காய். ஐ ஏட் ஃபைவ்."

"யூ ஏட் செவன். ஐ சா" என்றான் பாபு.

"யூ சாட் நியர் டோர். ஹவ் யூ சா?"

பிடித்துக்கொண்டது. சார் டாட் ரைட் ஹேண்ட், லெஃப்ட் ஹேண்ட். சார் ஷவுட்டட் அட் பாபு. ஒய் ஷவுட்டட்? ஹீ புட் டூ ஹேண்ட்ஸ். சார் வோர் லுங்கி. வாட் கலர் லுங்கி? ப்ளூ. நோ, க்ரீன். இதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, லுங்கி பச்சைக் கட்டம் போட்டது, ஓரத்தில் கிழிந்திருந்தது என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஷமீம் அக்கா மேடம் பக்கம் திரும்பி, தன் வாழ்நாளில் மியூசியத்துக்குப் போனதே இல்லை என்றும், அன்று வீட்டில் பிரியாணி தாமதமானதற்குக் காரணம் இந்த சார்தான் என்றும், கணவர் பசியோடு கோபித்துக்கொண்டார் என்றும், தப்பும் தவறுமாக, நிறுத்தாமல், ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார்.

நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரமும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். மணி அடித்தபோதும் லுங்கி விவகாரம் முடியவில்லை. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே பேசினார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

வகுப்பு முடிந்ததும், எப்படிப் போனது என்று நாமே முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூடப் படிப்பவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

"சொல்லுங்க" என்றார் மேடம்.

"ஆரம்பம் நல்லா இருந்தது. கொஞ்சம் வேகமா முடிஞ்சுடுச்சு" என்றேன்.

"கையைப் பத்திச் சொல்லுங்க."

"எந்தக் கை மேடம்?"

"இடது கை." பேனாவை மூடினார். "நான் சைதாப்பேட்டை கார்ப்பரேஷன் ஸ்கூல் சார். கணக்கு இன்ஸ்பெக்‌ஷன்னா நான் எப்பவும் இடது கைதான். நீங்க மொதல் தடவை கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

யாரோ இருமினார்கள். சிரிப்பை மறைக்கிற இருமல் எது என்று எனக்குத் தெரியும்.

"போன ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சோம்னு அவங்களாவே சொல்லணும். அதுதான் பாடத்தோட நோக்கம். அது பிரமாதமா நிறைவேறிடுச்சு. இந்த பேட்ச்லயே இவ்வளவு பேச்சு நடந்த கிளாஸ் வேற இல்ல" என்றார். நான் நிமிர்ந்தேன். "ஆனா அதுல டீச்சருக்கு எந்தப் பங்கும் இல்ல. ஃபெயில் போடறேன்."

எல்லோரும் போன பிறகு மேடம், "அடுத்த மாச பேட்ச்ல ஒரே ஒரு கிளாஸ் எடுங்க. அதைப் பாத்துட்டு முடிவு பண்றேன். ஸ்டூடன்ட்ஸ் யாருன்னு அன்னிக்குக் காலையிலதான் தெரியும். அவங்க போன் நம்பர் உங்களுக்குக் கிடைக்காது" என்றார்.

அன்று மாலை வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பச்சை லுங்கியைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள்.

அடுத்த மாதம் முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் நின்று, போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. என் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. அதைத் தேடிக் குனிந்ததில் நானும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒருவர், "ஐ ஸ்லீப்" என்றார். பக்கத்திலிருந்தவர், "ஹோல் டே?" என்று கேட்டார். அங்கிருந்து வண்டி மெதுவாக நகர்ந்தது. பாஸ். கடைசிப் படியில் தொற்றிக்கொண்ட பாஸ்தான், ஆனாலும் பாஸ்.

அதற்குள் ஹனோய் பள்ளி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. வழியனுப்பியவர்களின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, கொஞ்ச நாள் எதிர்த் திசையில் நடந்தேன். வட்டமாகச் சுற்றுகிற பூங்காவில் எதிர்த் திசையில் நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவர்களையே இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. "இன்னா வியட்நாம், இன்னும் கெளம்பலையா?" என்பார்கள். வசந்திகூட பால்காரரிடம், "வியட்நாம் எழுந்ததும் பணம் தரச் சொல்றேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் பையன் தன் போனில் என் பெயரையே அப்படி மாற்றி வைத்தான். இன்று வரை மாற்றவில்லை.

அந்தச் சான்றிதழை வைத்துப் பிறகு நான் இரண்டு வருடம் பாடம் நடத்தியது கம்போடியாவில்.