சம்பந்தியின் மீசை விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அநேக வணக்கம். இங்கு நான், என் சலூன், அதன் மூன்று நாற்காலிகள், மூன்று வாரமாக வந்து தங்கியிருக்கும் தங்கள் மருமகள் எல்லாரும் நலம். அங்கே தங்கள் மீசை நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஓரத்தை மட்டும் சீராக்கச் சொல்லி உட்கார்ந்த தங்கள் முப்பது வருட மீசையில் பாதியை ஒரே இழுப்பில் எடுத்தேனே, மீதியையும் எடுக்கச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனீர்களே, அன்று பிடித்தது கைநடுக்கம். கத்தியை எடுத்தாலே கை கிடுகிடுவென்று ஆடும், வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நரம்பில் கோளாறில்லை என்று டாக்டர் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று குதித்தேன். தங்கள் மருமகள்தான் தரதரவென்று இழுத்துப்போனாள்.

அந்த ஆலோசகர் அம்மா லேசுப்பட்டவர் இல்லை, சம்பந்தி. முதல் நாள் "எப்படி இருக்கீங்க?" என்றார். தொழில் பழக்கம், "நமக்கென்னம்மா, நீங்க சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான், புது வீட்டுக் கூரை ஒழுகுகிற கதையை அரை மணி நேரம் அவர் சொல்ல, நான் "அடடா, அப்புறம்?" போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் அதே கூத்து. மூன்றாம் வாரம் அவரே சிரித்துவிட்டார். "ரெண்டு வாரமா நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். ஊர்க்கதையெல்லாம் நீங்க கேக்குறீங்க, உங்களை யாருங்க கேக்குறாங்க?" என்றார். எனக்கு நேருக்கு நேர் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை, எங்கள் பேச்செல்லாம் கண்ணாடியைப் பார்த்துத்தானே! அதைச் சொன்னதும் என் நாற்காலியைக் கை கழுவுமிடத்துக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, நான் நிற்பது போலவே என் பின்னால் வந்து நின்றார். "இப்ப சொல்லுங்க."

"மீசை போனா முளைச்சிடும்மா. என்னால என் பொண்ணுக்கு அந்த வீட்ல ஒரு சொல் விழுந்துடுமோன்னுதான் பயமா இருக்கு" என்றேன். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை, கடைசிவரை நின்று கேட்டார். கத்தியில்லை, கத்தரியில்லை, தலை பாரம் இறங்கிவிட்டது. அதல்லவா தொழில் சுத்தம்!

நடுக்கம் அறவே போய்விட்டது. நம்பாவிட்டால் இந்தக் கையெழுத்தையே பாருங்கள், முத்து முத்தாக இல்லை? ஆகவே வரும் ஞாயிறன்று தாங்கள் பெரிய மனது பண்ணி என் நாற்காலியில் ஒருமுறை உட்கார வேண்டும்.

தாங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மீசைக்குக் கடன்பட்ட சம்பந்தி

பின்குறிப்பு: மாமா, நான் உங்கள் மருமகள். அப்பா சொல்லச் சொல்ல எழுதியது நான்தான், முத்து முத்தான கையெழுத்தும் என்னுடையது. நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. டீயில் கால்வாசி இன்னும் சட்டைக்குத்தான் போகிறது. மீசை போனதில் உங்களுக்குப் பத்து வயது குறைந்ததாக அத்தை சொன்னதையும், அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு முளைக்கிற மீசையைத் தினமும் நீங்களே மழித்துக்கொள்வதையும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சமாதானத்துக்குப் புளுகுகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மாமா. கண்ணாடியைப் பார்த்து அதை நீங்களே சொல்லுங்கள், அப்பா பின்னால் நின்று கேட்பார்.