டிப்ளமா பலகை

தொழில் செய்பவருக்குப் புத்தகமும் கருவியும் இரண்டு கை மாதிரி. ஒன்றைப் பூஜையில் வைத்துவிட்டு மற்றொன்றோடு கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவே சாட்சி.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். செராமிக் டிப்ளமா முடித்து, விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்கு அச்சு செய்யும் வேலையில் சேர்ந்திருந்தேன். (தெருவில் போகும்போது பையிலிருந்து ஸ்கேல் எட்டிப் பார்க்கும்படிதான் நடப்பேன்.)

அன்று ஆயுத பூஜை. அண்ணனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் மறுநாள் மாலை சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறார்கள். புதுக் குளியலறைக்குக் கதவு இல்லை.

"கதவில்லாத வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அம்மா காலையிலிருந்து புலம்பல்.

ஆசாரி போனில் அளவு கேட்டார். டேப்போ என் பாடப் புத்தகங்களோடு சந்தனம், குங்குமம் வாங்கிக்கொண்டு சாமி படத்தின்முன் உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு அதத் தொடக் கூடாதுடி," என்றார் அம்மா.

"டேப்பு எதுக்கும்மா? என் ஸ்கேலு பையிலயே இருக்குது."

"காலையில நானே வந்து அளந்துக்கறம்மா," என்றார் ஆசாரி.

"வேணாங்க. அளக்குறதுதாங்க என் தொழிலே!"

மறுநாள் கதவு வந்தது. நிலையில் வைத்தால் பக்கத்தில் நாலு விரல் சந்து. கீழே ஒரு சாண் வெளிச்சம்.

"என்னா பாப்பா, ராத்திரியில வூடு வளந்துடுச்சா?" என்றார் ஆசாரி.

அப்போதுதான் உறைத்தது. களிமண் சூளையில் சுருங்கும். அதை ஈடுகட்ட, அச்சு பெரிதாக வரும்படி கோடுகளின் இடைவெளியைக் கூட்டி அடித்த ஸ்கேல் அது. அதை வைத்து அளந்தால் எந்த வாசலும் குறைவாகத்தான் காட்டும். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. (அந்தப் பாடத்தில் வகுப்பில் நான்தான் முதல்.) புத்தகம் பூஜையில் இருந்தது!

வந்தவர்களில் பெண்ணின் அப்பா காபி குடித்ததும் குளியலறையைத்தான் கேட்டார். அம்மா கதவுச் சந்தை மறைத்துப் போர்வை பிடித்தார். எங்கள் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் வெளியே நின்று என் தொழில் மானத்தைக் காக்க முயன்றேன்.

"மாமா, அளந்தது தப்பில்லீங்க, ஸ்கேலுதான் வேற! மண்ணு சுடும்போது என்னா ஆவுதுன்னா..."

"மொதல்ல கொஞ்சம் அப்பால போம்மா!" என்று உள்ளேயிருந்து குரல்.

வெளியே வந்தவர் அம்மாவின் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருமல் வரும்வரை சிரித்தார். "எம் பொண்ணுக்கு இந்த வூட்டுல நல்லா பொழுது போவும்," என்று தட்டு மாற்ற நாள் கேட்டார்.

ஆசாரி சந்தில் ஒரு பலகையை அடித்துக் கொடுத்தார். இன்று அச்சுப் பிரிவுக்கே நான்தான் பொறுப்பு. என் அச்சில் செய்த எதுவும் பொருந்தாமல் திரும்பியதில்லை. ஆனால் விருந்தாளி யாராவது குளியலறை சுவிட்சைத் தேடினால், அண்ணி சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுப்பார்:

"டிப்ளமாவுக்குப் பக்கத்துல பாருங்க!"