பத்துக் கோடி வருஷத்து எண்ணெய்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெங்காயக் காட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சேகர் மாமா, நான். இல்லாதவர்: மோட்டார் மெக்கானிக் செல்வராசு அண்ணன். உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இங்கே இருந்து, நான் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது.

அப்போது நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. நிலவியல் முதல் வருஷம். (ஊரில் அதற்குப் பெயர் ‘கல்லுப் படிப்பு’.) எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அவரும் அம்மாவும் பாதி வயதை அடுத்தவர் காட்டில் கூலிக்கு வெங்காயம் நட்டே கழித்தவர்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒன்றரை ஏக்கர் வாங்கி, போர் போட்டு, அந்த வருஷம்தான் முதன்முதலாகச் சொந்த மண்ணில் சின்ன வெங்காயம் வைத்திருந்தார்கள். வெங்காயம் திரள ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடும்.

ஒன்பது மணிக்கு மும்முனைக் கரண்டு வந்தது. அப்பா மோட்டாரைப் போட்டார். தொட்டியில் விழுந்த தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். எண்ணெய்! குழாயின் வாயில் குமிழிகள் வேறு.

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் மோட்டாரைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் படித்தவன். பூமியைச் சந்தேகப்பட்டேன்.

“நிறுத்திடவாடா?” ஸ்டார்ட்டர் பெட்டியருகே நின்றபடி அப்பா கேட்டார்.

“ஐயோ, நிறுத்தாதீங்கப்பா! ஓடட்டும். எண்ணெ கூடுதா கொறையுதான்னு பாக்கணும்.”

அப்பா பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ஏழு காலி பாட்டில்களைத் தேடிப் பிடித்து, அரை மணிக்கு ஒன்றாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டினேன். குமிழி எரிவாயுதானா என்று பார்க்கக் குழாய் வாயில் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினேன். அம்மா அலறினார். குச்சி நனைந்து அணைந்தது. (‘செறிவு குறைவு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.)

“என்னடா வருது கீழேருந்து?” என்றார் அம்மா. அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நான் ஆரம்பித்தேன்.

“இந்த எடம் ஒரு காலத்துல கடலும்மா. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிரெல்லாம் செத்து அடிச் சேத்துல படிஞ்சிச்சு. காத்துப் படாததால முழுசா அழுகிப் போவல. அதுக்கு மேல மண்ணு மண்ணா ஏறி அமுக்குச்சு. ஆழம் போகப் போகச் சூடு. அந்தச் சூட்டுல மெதுவா வெந்து எண்ணெயாயிடும்.”

“குக்கர்ல வெச்சாப்பல.”

“அதேதான். இன்னும் ஆழத்துல இன்னும் வெந்தா கேஸாயிடும்.”

“எவ்ளோ நேரம் வேவணும்?”

“கோடிக்கணக்கான வருஷம்மா.”

“நம்ம போர் தண்ணியில பருப்பும் அப்படித்தான் வேவுது” என்றார் அம்மா. (சுண்ணாம்பு பூமித் தண்ணீர். குறை சொல்ல முடியாது.)

பதினோரு மணிக்கு அரியலூரில் ஜெபக்கூட்டம் முடித்துக்கொண்டு சேகர் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்.

“எத்தன வருஷத்து எண்ணெங்கற?”

“பத்துக் கோடி இருக்கும் மாமா.”

“மாப்ள, ஒலகத்துக்கே ஆறாயிரம் வருஷந்தான் ஆவுது.”

மாமா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். அவரை நான் முட்டாள் என்று நினைத்ததும் இல்லை. அவர் லாரியில், ஸ்டியரிங்குக்கு முன்னால், கல்லாகிப் போன நத்தை ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும்.

“கடல் இங்க இல்லைன்னா சொன்னேன்? தெனம் ரெண்டு லோடு அந்தக் கடலத்தான் ஏத்துறேன். அது நோவா காலத்து வெள்ளம். ஒரே வருஷத்துல வந்துச்சு, எல்லாத்தையும் பொதச்சிட்டுப் போயிடுச்சு.”

“ஒரே வெள்ளம்னா எல்லாம் கலந்து கெடக்கணுமே மாமா. இங்க அடுக்கடுக்கா இருக்கு. ஒரு அடுக்குல இருக்குற நத்தை அடுத்த அடுக்குல இல்ல.”

“நீ கூட இருந்து பாத்தியா?”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தவரு எழுதி வெச்சிருக்காரு.”

“கல்லும்தான் எழுதி வெச்சிருக்கு. பாறைக்குள்ள சில தனிமம் ஒரே கணக்கா வேற ஒண்ணா மாறிக்கிட்டே இருக்கும். எவ்ளோ மாறியிருக்குன்னு அளந்தா வயசு தெரிஞ்சிடும் மாமா!”

குரல் உயர்ந்தது. பூமியின் வயது விஷயத்தில் நான் இன்றும் கட்சி மாறவில்லை. சுமார் நானூற்றைம்பது கோடி வருஷம்தான். ஆனால் காலடியில் மினுங்கும் எண்ணெயின் வயதை இரண்டு பேருமே அளக்கவில்லை. பாடத்தில் இன்னொன்றும் இருந்தது: அப்படி வேகும் சூடு கிடைக்கக் கிலோமீட்டர் கணக்கில் ஆழம் வேண்டும். எங்கள் போர் முந்நூற்றைம்பது அடி. அது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ‘ஆழத்திலிருந்து பாறை இடுக்கு வழியாக மேலே கசிந்திருக்கும்’ என்று அதையும் சமாளித்துவிட்டேன். கொஞ்சம் படித்தவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும்.

அப்பா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எண்ணெ கெடச்சா நெலம் நம்மகிட்ட இருக்குமா?”

“மண்ணுக்குக் கீழ இருக்குறதெல்லாம் கவர்மெண்டுக்குப்பா” என்றேன், பரீட்சைக்கு விடை சொல்வதுபோல.

அப்பா வரப்பில் போய் உட்கார்ந்து, பாத்தியில் பாயும் எண்ணெய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோவாவின் கப்பலில் நத்தைக்கு இடம் இருந்ததா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டார்ட்டர் ‘டப்’ என்று விழுந்து மோட்டார் நின்றது. மறுபடி போட்டார் அப்பா. உறுமல் மட்டும் வந்தது. தண்ணீர் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் செல்வராசு அண்ணன் வந்தார். மாமாவும் லோடு இறக்கிவிட்டு வந்து கூடவே செயின் பிடித்து இழுத்தார். போருக்குள்ளிருந்து மேலே வந்த மோட்டாரை அண்ணன் கழற்றிச் சாய்த்தார். கறுத்த தண்ணீர் கொட்டியது.

“சீல் போயிடுச்சு. உள்ள இருந்த ஆயில் வெளிய வந்து, தண்ணி உள்ள போயி, காயில் கம்பி கருகிடுச்சு. படலம் பாத்ததும் நிறுத்தியிருந்தா சீல் மாத்துறதோட போயிருக்கும். யாரு ஓட்டச் சொன்னது?”

“அப்ப அந்தக் குமிழி?” என்றேன், கடைசி நம்பிக்கையாக.

“போர்ல தண்ணி எறங்குனா பம்பு காத்தையும் சேத்துத்தான் இழுக்கும் தம்பி.”

மாமா மெதுவாகக் கேட்டார். “இந்த எண்ணெய்க்கு என்ன வயசு இருக்கும் செல்வராசு?”

“போன ஆடியில நாந்தான் ஊத்துனேன்.”

மாமா விரல் விட்டு எண்ணினார். “ஆறு மாசம். நான் சொன்னது ஆறாயிரம் வருஷம். நீ சொன்னது பத்துக் கோடி. கிட்டத்துல சொன்னவன் யாரு மாப்ள?”

கணக்குப்படி அவர்தான்.

மோட்டார் திரும்பி வர ஆறு நாள் ஆனது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு தடவை தண்ணீர் விட்டார். அது பாதிப் பாத்திகளுக்குத்தான் எட்டியது. மற்றவற்றில் வெங்காயத் தாளின் நுனி பழுத்து மடிந்தது. அந்த வரப்பில் நடந்தபடி அப்பா சொன்னார்:

“பதினோரு மணிக்கே சத்தம் மாறிடுச்சுடா. மோட்டாரு மொனகுச்சு.”

“ஏம்ப்பா நிறுத்தல?”

“நீ படிச்சவன். எனக்குக் கேட்டது உனக்குக் கேக்காமலா இருக்கும்னு இருந்துட்டேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் காது உண்டு. அந்தக் காதை என் படிப்பு ஒரு முற்பகல் முழுக்க அடைத்து வைத்திருந்தது.

இப்போது நான் அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். வீட்டில் குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தால் போதும், “இது எத்தன கோடி வருஷம்டா?” என்று அம்மா கரண்டியோடு வருகிறார். கறிவிருந்தில் மாமா தட்டை நீட்டி, “ஆறாயிரம்னு வெச்சுக்கலாம் மாப்ள” என்று சமாதானம் பேசுகிறார். அப்பா அந்தக் கேலியில் சேருவதில்லை. மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால் மட்டும், நான் பக்கத்தில் நின்றாலும் என்னைக் கேட்காமல் போய் நிறுத்திவிடுகிறார். அந்த ஒரு பழக்கத்துக்காக எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, காயில் ரீவைண்டிங், சீல், ஆயில், ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய். வெங்காயத்தில் போனது தனி.