கோயில் சபையில் ஓர் ஆட்சேபனை

ஆண்டவர் உலகத்தைப் படைத்தபோது எங்கள் 'ஆட்சேபனை' பக்கத்தில் இருந்திருந்தால், வேலை மூன்றாம் நாளோடு நின்றிருக்கும். "செடி கொடி இருக்கட்டும், முதல்ல இந்த மழைய நிறுத்துங்க" என்று கையைத் தூக்கியிருப்பார்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டுகிறவர் அவர். தொழிற்சங்கக் கூட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வந்தவர், எதற்கெடுத்தாலும் அதையே சொன்னார். அன்றோடு அவருடைய ஞானஸ்நானப் பெயரை ஊர் மறந்தது. ஒருநாள் பிரசங்கத்தில் பழைய சாமியார், "நரகத்துக்குப் போகும் பாதை அகலமானது" என்றார். இவர் எழுந்தார்.

"ஆட்சேபனை சாமி! நம்ம தோட்டத்துல அகலமான ரோடு தொரை பங்களாவுக்கு மட்டுந்தானே போவுது?"

பிரசங்கம் அத்துடன் முடிந்தது.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய காலத்தில் ஓர் இளம் சாமியார் வந்தார். "கோயில் உங்களுடையது. இனி நீங்களும் கூடிப் பேசி முடிவெடுக்கணும்" என்றார். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அதுவரை சாமியார்கள் சொல்வார்கள், நாங்கள் தலையாட்டுவோம், சுகமாக இருந்தது. ஆறு பேர் கொண்ட சபை அமைந்தது. தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் தலைவர். பள்ளிக்கூட வாத்தியாரான நான் செயலாளர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சார்பில் ஆட்சேபனை.

முதல் கூட்டத்தில், ஞாயிறு பூசையை வழக்கம்போலக் காலை ஆறரைக்கே வைக்கலாமா என்று சாமியார் கேட்டார். ஐந்து தலைகள் ஆடின. என் தலையும்தான்.

"ஆட்சேபனை! பொம்பளைங்களக் கேட்டீங்களா?"

"அவங்க என்ன சொல்லப்போறாங்க?" என்றார் கிளாக்கர்.

"அது எனக்கு எப்புடிங்க தெரியும்? நானும் ஆம்பளதானே!"

ஆறு பேருக்குமேல் இடமில்லை என்றார் கிளாக்கர். "அப்ப என் எடத்த ரோசம்மாவுக்குக் குடுங்க" என்று இவர் எழுந்துவிட்டார்.

எல்லோரும் திகைத்தோம். கொழுந்து பறிக்கும் ரோசம்மா இவருக்கு அடுத்த வீடு. அவள் கோழி இவருடைய போஞ்சிச் செடியைக் கிளறியதிலிருந்து நான்கு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. நான் அதை நினைவூட்டினேன்.

"எனக்குத்தாங்க மாஸ்டர் அதுகூடப் பேச்சு இல்ல. அதுக்குப் பேச நெறைய இருக்கு."

"கொழுந்தெடுக்கிற பொம்பளையோட நான் சமமா உக்காரணுமா?" என்று கிளாக்கர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார். சாமியார் முகம் வெளுத்தது. கோயில் கூரைக்குத் தகரம் கேட்டு, தோட்டத்து ஆபீசுக்குக் கிளாக்கர் வழியாகக் கடிதம் கொடுத்திருந்த நேரம் அது. ஆனாலும், "ரோசம்மா வரட்டும்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆட்சேபனை ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"ஆறரைக்குப் பூசைன்னா, ரொட்டி சுட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்து, பீலியில தண்ணி புடிச்சு வச்சுட்டு வர்றதுக்குள்ள நற்கருணையே முடிஞ்சிருது சாமி. முழுப் பூசை கண்டு மூணு வருஷமாச்சு. ஒம்பதுக்கு வைங்க."

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"யாரு கேட்டா?"

"ஆட்சேபனை! சாமியப் போயி எதுத்துப் பேசுது பாருங்க!" என்றது ஜன்னல்.

"மாஸ்டர், அந்த ஜன்னலச் சாத்துங்க" என்றாள் ரோசம்மா.

பூசை ஒன்பதுக்கு மாறியது. தகரம் வரவில்லை, கிளாக்கர் மட்டும் இரண்டு மாதம் கழித்துச் சபைக்கு வந்து, ரோசம்மா இருந்த அதே வரிசையில் உட்கார்ந்தார்.

அந்த முதல் ஒன்பது மணிப் பூசைக்குக் கோயில் முழுக்கப் பெண்கள். ஆட்சேபனைக்கு உள்ளே இடமில்லை. வாசலில் தூறலில் நின்றார். நான் எழுந்துபோய் என் இடத்துக்குக் கூப்பிட்டேன்.

"வேணாங்க மாஸ்டர். அங்க யாராச்சும் பொம்பளைப்புள்ள உக்காரட்டும்."

நான் உள்ளே திரும்பவில்லை. பூசை முடியும்வரை அவர் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றேன்.